வெள்ளிக்காசும் புற்றுக்காளானும்

பத்திரிகைத் தொழிலில் அரை நூற்றாண்டைக் கழித்தவனுக்குத் தான் எழுதிய செய்திகளுள் நினைவில் நிற்பவை மிகச் சிலவே. தேர்தல், வன்செயல், பேச்சுவார்த்தை, மீண்டும் வன்செயல் என்று எழுதிக் குவித்தவற்றுட் பெரும்பாலானவை எழுதிய கைக்கே மறந்து போயின. ஆனால் 1974ஆம் ஆண்டு ஐப்பசி மழையின்போது நான் எழுதிய ஆறு வரிச் செய்தியொன்றும், அதன் கீழே நானாகச் சேர்த்த ஒரு பெட்டிச் செய்தியும் இன்றுவரை என்னை விட்டகலவில்லை.

அப்போது நான் கண்டியில் இளம் நிருபன். மலையகத் தோட்டங்களின் வரலாற்றில் 1973, 1974ஆம் ஆண்டுகள் எத்தகையவை என்பதை அக்காலத்தை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரிசியும் மாவும் பங்கீட்டில் சுருங்கின. தோட்டங்களில் வேலை நாட்களும் குறைந்தன. லயத்துக் காம்பராக்களில் அடுப்பெரியாத நாட்கள் பல. மரணப் பதிவுகள் உயர்ந்தன. மக்கள் காட்டுக்கிழங்கையும் கீரையையும் தேடி மலையேறினார்கள். மழை பெய்ததும் காளான் தேடியும் போனார்கள்.

அவ்வாறு காளான் உண்ட ஒரு குடும்பம் வாந்திபேதியுடன் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டதென்பதே எனது செய்தி. ‘நச்சுக் காளான் உண்ட நால்வர் மருத்துவமனையில்’ என்று தலைப்பு. அது என்ன காளான், எங்கே முளைத்தது, எந்நிறம் என்று நான் எவரிடமும் கேட்கவில்லை. எனக்கு முன்னரும் எந்த நிருபரும் கேட்டதாகத் தெரியவில்லை. பத்திரிகைக்கு உலகில் இரண்டே காளான்கள்தாம். ஒன்று காளான், மற்றது நச்சுக் காளான்.

செய்தி ஆறு வரியிற் சப்பென்று முடிந்துவிட்டதே என்ற குறை எனக்கு. ஒரு பழைய ஆங்கில வீட்டுக்குறிப்பு நூலைப் புரட்டி, ‘நச்சுக் காளானை அறிவது எப்படி?’ என்ற பெட்டிச் செய்தியொன்றை எழுதினேன். காளானோடு ஒரு வெள்ளிக்காசைப் போட்டு அவித்தால், நஞ்சிருப்பின் காசு கறுக்கும். உள்ளிப் பல்லைப் போட்டால் அதன் நிறம் மாறும். பூச்சியும் நத்தையும் அரித்த காளானை மனிதரும் நம்பி உண்ணலாம். இம்மூன்று ‘சோதனை’களையும் வரிசையாக எழுதி அனுப்பினேன். மறுநாள் அது அழகாக அச்சாகியிருந்தது. ஆசிரிய பீடத்திலிருந்து பாராட்டும் வந்தது.

மூன்று வாரங்கள் கழித்துப் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை ஒன்று வந்தது. அதில் ஒரே வாக்கியம் இருந்தது: ‘தங்கள் வெள்ளிக்காசு கறுக்கவில்லை, ஐயா.’

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். நடந்தது இதுதான். ஆசிரியர் என் பெட்டிச் செய்தியைப் பாடசாலையில் வாசித்துக் காட்டியிருக்கிறார். பிள்ளைகள் வீட்டிற் சொல்லியிருக்கிறார்கள். ஒரு காம்பராவில், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்த பழைய ஐம்பது சதக் காசைச் சட்டிக்குள் போட்டு அவித்துப் பார்த்துவிட்டு, காசு வெள்ளையாகவே இருக்கக் கண்டு, ஐந்து பேர் உண்டிருக்கிறார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஐவருக்கும் வாந்தி. ஏழு வயதுச் சிறுமியொருத்தி நான்கு நாட்கள் மருத்துவமனையிற் கிடந்திருக்கிறாள். உயிர்ச்சேதம் இல்லை. ‘இல்லை’ என்று எழுதும்போது இன்றும் கை சற்றுத் தயங்குகிறது. அது என் கெட்டித்தனத்தால் நேர்ந்த தப்புதலன்று.

சிறுமியின் பாட்டி லயத்து வாசலில் இருந்தார். கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். எழுபதைத் தாண்டியிருப்பார். அன்று அவர் மகள் வீட்டுக்கு வேறு தோட்டத்துக்குப் போயிருந்தாராம். இல்லாவிட்டால் இது நடந்திராது என்று அங்கிருந்த எல்லோருமே சொன்னார்கள். ஆசிரியர் என்னை அறிமுகம் செய்தார். பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பிதான் பேப்பர்ல எழுதுனதா? காசுக்குக் கண்ணா இருக்கு, நஞ்சைப் பாக்கிறதுக்கு? காளான் எங்க மொளைச்சிச்சின்னு கேக்கணும். சட்டியில போட்ட பொறகு என்னத்தக் கேக்கிறது?”

நான் பதில் பேசவில்லை. “மன்னிச்சிருங்கம்மா” என்று மட்டும் சொன்னேன். அவர் உள்ளே போய்த் தேய்ந்த கவ்வாத்துக் கத்தியொன்றை எடுத்துக்கொண்டு வந்தார். “வாங்க, காட்டுறேன்” என்றார்.

தேயிலை முடிந்து காடு தொடங்கும் விளிம்பு வரை ஏறினோம். மழை விட்டிருந்தது. அட்டைகளுக்குப் பயந்து நான் காலைத் தூக்கித் தூக்கி வைத்ததைப் பார்த்து அவர் சிரித்தது நினைவிருக்கிறது. ஓரிடத்தில் நின்று சருகை விலக்கினார். சாம்பலும் தவிட்டு நிறமும் கலந்த தொப்பிகள் ஏழெட்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் ஈட்டி முனைபோல் ஒரு கூர்மை. நான் குனிந்து ஒன்றைப் பிடுங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

“புடுங்கக் கூடாது தம்பி. தோண்டணும். வேரு எங்க போவுதுன்னு பாக்கணும்.”

தோண்டினார். தண்டு மண்ணுக்குள் இறங்க இறங்க மெலிந்து, ஒரு முழத்துக்கும் மேல் சென்றது. முடிந்த இடத்தில் மண்ணறை ஒன்று. அதற்குள் தேனடைபோலத் துளைகள் நிறைந்த ஒரு பழுப்பு நிறக் கட்டி. அதன்மேல் குண்டூசித் தலையளவில் வெண்மணிகள். அவற்றுக்கிடையே கறையான்கள் பதறி ஓடின. “இது புத்துக்காளான். வேரு புத்துக்குள்ள போனா திங்கலாம். போவாட்டி, எவ்வளவு அழகா இருந்தாலும் வுட்டுரணும். எங்க ஆத்தா சொன்னது. அவுக ஆத்தா திருச்சினாப்பள்ளிச் சீமையில சொன்னது.” நான்கை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டார். தோண்டிய குழியை மண்ணால் மூடி, மேலே சருகையும் பரப்பினார். அடுத்த வருடமும் அதே இடத்தில் வரும் என்றார்.

கண்டிக்குத் திரும்பியதும் திருத்தம் வெளியிட வேண்டுமென்று எழுதி அனுப்பினேன். காளானுக்கெல்லாம் திருத்தம் போட்டால் பத்திரிகையில் வேறெதற்கும் இடமிராது என்று மூத்தவர் ஒருவர் தொலைபேசியிற் சிரித்தார். நானும் அதோடு விட்டுவிட்டேன். ஆனால் ‘வேர் எங்கே போகிறது’ என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. பேராதனைக்குப் பக்கத்திலேயே வசித்தவன் ஆகையால், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் இந்நாட்டுக் காளான்களைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடினேன். தேடியபோது கிடைத்த வரலாறு, அந்தப் பாட்டியின் பக்கமே என்னைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியது.

பேராதனைப் பூங்கா 1821இல் தொடங்கப்பட்டது. 1844இல் அதன் பொறுப்பாளராக வந்தவர் ஜோர்ஜ் கார்ட்னர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர். அதற்கு முன் பிரேசில் நாட்டில் அலைந்தவர். அங்கே ஓரூரில் இரவில் சிறுவர்கள் எதையோ ஒளிரவிட்டு விளையாடக் கண்டு, மின்மினி என்று எண்ணி நெருங்கிப் பார்க்க, அது ஒளிவிடும் காளானாக இருந்தது. 1840இல் அக்காளானுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. சூட்டியவர் மைல்ஸ் ஜோசப் பேர்க்லி. இங்கிலாந்தின் நாட்டுப்புறத் தேவாலயமொன்றின் குரு. அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் ஏற்பட்டபோது, அழுகலுக்குக் காரணம் மழையோ தெய்வ கோபமோ அன்று, ஒரு பூஞ்சையே என்று 1846இல் துணிந்து எழுதியவர் அவரே.

கார்ட்னர் இலங்கையிலிருந்து அனுப்பிய காளான்களை ஆராய்ந்து, பேர்க்லி 1847இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் நமக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று, புனல்போல் விரிந்த மிகப்பெரிய காளான். லென்ரினஸ் ஜிகன்ரியஸ், அதாவது இராட்சதன் என்று அதற்குப் பெயரிட்டார். சிங்களக் கிராமத்தவர் அதனை ‘ஊறு பஹ’ என்பர். ஊறு என்றால் பன்றி. காளானுக்குப் பொதுவாக ‘ஹத்து’ என்றும், இன்னும் அழகாக ‘பிம்மல்’ என்றும் அவர்கள் சொல்வதுண்டு. பிம்மல் என்றால் நிலப்பூ. மற்றது, அகாரிகஸ் யூரைசஸ். ‘நல்ல வேருடையது’ என்பது இக்கிரேக்கச் சொல்லின் பொருள். பாட்டி எனக்குத் தோண்டிக் காட்டிய காளான் வகை இதுதான்.

பேர்க்லி இலங்கையைக் கண்டதேயில்லை. கப்பலில் வந்த உலர்ந்த மாதிரிகளையே அவர் கண்டார். அவர் சூட்டிய பெயரில் வேர் இருக்கிறது, கறையான் இல்லை.

கார்ட்னர் 1849இல் நுவரெலியாவில் திடீரென இறந்தார். அவருக்குப் பின் வந்த ஜோர்ஜ் துவைற்ஸ், முப்பது ஆண்டுகள் பேராதனையை நிருவகித்தார். தாயகம் திரும்பாமலே 1882இல் கண்டியிற் காலமானார். அவர் அனுப்பிய பூஞ்சைகளைப் பேர்க்லியும் புரூம் என்பவரும் சேர்ந்து 1870களில் ‘இலங்கையின் பூஞ்சைகள்’ என்ற தலைப்பில் தொடராக வெளியிட்டனர். பூங்காவின் ஓவியர்களாக இருந்த டி அல்விஸ் குடும்பத்தினரை இங்கே மறக்கலாகாது. தந்தை ஹர்மானிஸ் முதலாக அக்குடும்பம் தலைமுறையாக இப்பூங்காவுக்குத் தீட்டிய ஓவியங்கள் இன்றும் புகழ்பெற்றவை. காளான் பறித்த சில மணித்தியாலங்களில் நிறம் மாறி உருக்குலைந்துவிடும். ஆதலால் நல்ல ஓவியம் இல்லாவிடில் உலர்ந்த காளான் வெறும் தோல் துண்டே.

ஆனால் ஓவியர் பெயராவது நமக்குக் கிடைக்கிறது. காட்டுக்குள் போய்த் தோண்டி எடுத்து, கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவன் யார்? சிங்களக் கிராமத்தவனா, இந்தியாவிலிருந்து நடந்து வந்த தமிழ்க் கூலியா? ‘இதைத் தின்னலாம் துரையே’ என்று முதலிற் சொன்னவன் யார்? நான் படித்த நூல்களில் அவன் இல்லை.

இவ்வளவு உழைப்பும் உண்ணும் காளானுக்காக நடந்ததென்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அரசாங்கத்துக்குப் பூஞ்சைமேல் வந்த அக்கறைக்குக் காரணம் பசியன்று, கோப்பி. 1869இல் மடுல்சீமைப் பகுதிக் கோப்பி இலைகளில் செம்மஞ்சட் பொட்டுகள் தோன்றின. துவைற்ஸ் அனுப்ப, பேர்க்லியும் புரூமும் அவ்வாண்டிலேயே அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டனர். ‘பாழாக்குவது’ என்று பொருள். பெயர் சொன்னபடியே அது செய்தது. 1880 முதல் 1882 வரை மார்ஷல் வோட் என்ற இளம் விஞ்ஞானி இங்கு தங்கி, அந்நோய் காற்றில் பரவும் விதத்தை விளக்கினார். ஆனால் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. கோப்பி போனது, தேயிலை வந்தது. பருவகாலத்துக்கு வந்து திரும்பிய தமிழ்த் தொழிலாளர், ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கும் லயத்து மக்களாயினர். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சையே மலையகத் தமிழரை இம்மண்ணிற் குடியிருத்தியது என்று சொன்னால் அது மிகையன்று.

கோப்பி கற்றுத் தந்த பாடத்தினால்தான் அரசாங்கம் பூஞ்சை நிபுணரென்று தனியாக ஒருவரை நியமிக்கும் நிலை வந்தது. 1905இல் பேராதனைக்கு அப்பதவியில் வந்தவர் தோமஸ் பெட்ச். தேயிலையிலும் இறப்பரிலும் வரும் நோய்களைக் கண்டு சொல்வதே அவருக்கு இடப்பட்ட பணி. அதைச் செவ்வனே செய்தார். 1923இல் தேயிலைச் செடியின் நோய்களைப் பற்றி அவர் எழுதிய நூல் பெருந்துரைமாரின் மேசைகளில் நெடுங்காலம் இருந்தது. ஆனால் அவரை நான் மதிப்பது வேறொன்றுக்காக. வந்த மறு ஆண்டே, 1906இல், இரண்டு வகைக் கறையான்களின் புற்றுகளைத் தோண்டித் தோண்டிப் பார்த்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பேராதனையில் முதன்முதலாக ஒரு விஞ்ஞானி, காளானைப் பிடுங்காமல் வேரைப் பின்தொடர்ந்து போனார்.

அவர் முதலாமவர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். தரங்கம்பாடியில் தேனிய மிசனின் மருத்துவராக 1768இல் வந்திறங்கிய யோகான் கேர்காட் கோனிக், லின்னேயஸின் மாணவர். தஞ்சைப் பகுதிக் கறையான் புற்றுகளை ஆராய்ந்து, உள்ளே பூஞ்சை வளரும் அடை இருப்பதை 1779இல் செருமன் மொழியில் எழுதினார். அறிவியல் உலகம் புற்றுக்குள்ளிருக்கும் தோட்டத்தைக் கேள்விப்பட்டது ஒரு தமிழ் மாவட்டத்திலிருந்துதான். தமிழர் அதற்கும் மிக முன்னரே கண்டிருக்கிறார்கள். ஆம்பி, காளாம்பி என்பன சங்க நூல்களில் வரும் சொற்கள். ஓய்மானாட்டு நல்லியக்கோடன்மீது நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், ஒரு பாணன் வீட்டு வறிய அடுக்களை வருகிறது. அங்கே இடிந்த சுவரைக் கறையான் அரித்த புழுதியிலே காளான் பூத்திருக்கிறது. புலவர் சொல்ல வந்தது பசியின் கொடுமையை. ஆயினும் கறையான் அரித்த இடத்தில் காளான் பூப்பதை அவர் கண் தவறவிடவில்லை. பசியும் கறையானும் காளானும் ஒன்றாக நிற்கும் அந்தக் காட்சியை 1974இன் லயத்தில் நானும் கண்டேன்.

பெட்சுக்கும் எல்லாம் எளிதாகத் துலங்கிவிடவில்லை. அடையிலுள்ள வெண்மணிகளும் மண்ணுக்கு மேலே விரியும் காளானும் ஒரே உயிரின் இரு நிலைகளா, வெவ்வேறா என்பதில் நெடுங்காலம் வாதம் நடந்தது. இக்காளானை அவரே ஒருமுறை ஒரு பேரினத்திலும், 1913இல் வேறொரு பேரினத்திலும் வைத்தார். மற்றவர்கள் இன்னும் வேறிடங்களில் வைத்தனர். கறையான் இலைச்சருகையும் மரத்தூளையும் தின்று கழித்து அடையைக் கட்டுகிறது. பூஞ்சை அதனைச் செரிக்கத்தக்கதாக்குகிறது. கறையான் பூஞ்சையை உண்கிறது. மழை வந்ததும் பூஞ்சை தன் கூர்முனைத் தொப்பியால் மண்ணைத் துளைத்து மேலே வருகிறது. இது இன்று பாடநூற் செய்தி. கறையான் இல்லாமல் இக்காளான் இல்லை. வைக்கோலிலும் மரத்தூளிலும் ஏனைய காளான்களைப் பயிராக்கிய மனிதனால், இதை மட்டும் இன்றுவரை சந்தைக்கு ஏற்றாற்போற் பயிராக்க முடியவில்லை. தெருவோரத்தில் வாழையிலையில் வைத்து விற்கப்படும் ஒவ்வொன்றும் காட்டிலிருந்து வந்ததே.

கடைசியாக 1942இல் பிரெஞ்சு அறிஞர் ரொஜே ஹெய்ம், இக்காளான்களுக்கென்றே ஒரு தனிப் பேரினத்தை வகுத்துப் பெயரிட்டார்: டெர்மிட்டோமைசிஸ். அதன் பொருள் கறையான் காளான்!

இதை முதலில் வாசித்தபோது நான் நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். 1847இல் தொடங்கி, பெயர் மேல் பெயராக மாற்றி, 95 ஆண்டுகள் கழித்து அறிவியல் வந்து சேர்ந்த பெயரைத்தான் ‘எங்க ஆத்தா சொன்னது’ என்று பாட்டி எனக்குச் சொன்னார். புற்றுக்காளான் என்ற பெயருக்குள் இனமும் இடமும் சோதனையும் மூன்றும் அடங்கியிருக்கின்றன. அறிவியலைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எவரும் கோபிக்க வேண்டாம். ஏன் அப்படி என்ற கேள்விக்கு விடை தந்தது அறிவியலே. பாட்டிக்குத் தெரிந்தது, எது என்பது. அந்த ‘எது’தான் உயிரைக் காப்பது.

பெட்ச் 1948இல் இங்கிலாந்தில் இறந்தார். அவரும் பிஸ்பி என்பவரும் தொகுத்த ‘இலங்கையின் பூஞ்சைகள்’ 1950இல் பேராதனை வெளியீடாக வந்தது. பின்னர் கியூ பூங்காவின் டேவிட் பெக்லர் இலங்கை வந்து ஆராய்ந்து, இத்தீவின் குடைக்காளான்களைப் பற்றிய பெருநூலை 1986இல் வெளியிட்டார். இரண்டும் ஆங்கிலத்தில் உள்ளன. இரண்டுமே அறிஞருக்கானவை. காளான் பொறுக்கிய மக்களின் இரு மொழிகளிலும் அவை வரவில்லை.

பெக்லரின் நூல் கையில் கிடைத்தபோது, ஐம்பது சதக் காசு கறுக்காத அந்தக் காளானை நான் தேடினேன். அன்று பாட்டி சொன்ன அடையாளங்களைக் குறித்து வைத்திருந்தேன். காட்டில் அன்று, லயத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் முளைத்தது. பெரிய வெள்ளைக் குடை, மேலே தவிட்டுச் செதில். தண்டில் வளையல் போல மேலுங்கீழும் நகரும் ஒரு வளையம். ‘முத்தினது அடிப்பக்கம் பச்சை பாஞ்சிருந்திச்சி.’ அந்தப் பச்சைதான் திறவுகோல். குளோரோபில்லம் மொலிப்டைற்றிஸ் என்னும் காளானின் செதிள்கள் இளமையில் வெள்ளையாக இருந்து, வித்திகள் முதிர முதிர மங்கிய பச்சையாகும். இன்றைக்கும் வெப்பநாடுகளில் காளான் நஞ்சேற்றத்துக்கு அடிக்கடி காரணமாவது இதுவே. உண்ட ஓரிரு மணித்தியாலங்களில் கடும் வாந்தியும் பேதியும் வரும். பெரும்பாலும் உயிர் பிழைக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு வாய்த்தது இது. பெயர் தெரிய எனக்குப் பல வருடங்கள் சென்றன.

வெள்ளிக்காசுச் சோதனை ஏன் பொய் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். அவித்த முட்டையிலும் வெள்ளிக்கரண்டி கறுக்கும். காளானின் கொடிய நஞ்சுகளோ வெள்ளியைத் தொடுவதில்லை. உள்ளியையும் மாற்றுவதில்லை. பூச்சிக்கும் நத்தைக்கும் ஈரல் நம்முடையது போன்றதன்று. அவை உண்டு வாழ்வது நமக்குச் சான்றாகாது. அமனிட்டா இனத்தின் சில காளான்களிலுள்ள நஞ்சு, அவித்தாலும் பொரித்தாலும் உலர்த்தினாலும் போகாது. உண்டவர்க்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேலாக ஒன்றும் தெரியாது. பின் வாந்தி, பேதி. அதன்பின் சுகமானதுபோல ஒரு நாள். அப்பொய்ச் சுகத்தின் போதே ஈரல் அழிகிறது. ஆகவே வாந்தி தாமதமாக வந்தால் ஆபத்து அதிகம் என்று கொண்டு, மீதமுள்ள காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். சட்டியைக் கழுவிவிட்டுப் போகக் கூடாது.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. இதை வாசிப்பவர்கள் பலர் இன்று ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். காளான் அறிவு இடத்தோடு பிணைந்தது. பாட்டியின் விதி அவர் ஏறிய மலைக்கு உரிய விதி, கப்பலேறி வராது. அவுஸ்திரேலியாவின் கன்பராவில், 2011 டிசம்பர் 31ஆம் திகதி இரவு விருந்துக்காகப் பறிக்கப்பட்ட காளானை உண்டவர்களில் இருவர் சில நாட்களில் மாண்டனர். அது அமனிட்டா பலோயிடிஸ். ஐரோப்பாவிலிருந்து ஓக் மரங்களோடு அங்கு சென்ற காளான். நம் ஆசிய நாடுகளின் வைக்கோற் காளானைப் போலவே அதுவும் இளமையில் முட்டை போன்ற ஒரு பைக்குள் இருக்கும். சொந்த மண்ணில் நன்கறிந்த உணவென்று நம்பிப் பறித்து, அந்நிய மண்ணில் ஏமாந்து உயிரிழந்த ஆசியக் குடியேறிகள் இவர்கள் மட்டுமல்லர். முதிர்ந்த வைக்கோற் காளானின் செதிள் இளஞ்சிவப்பு. மற்றதன் செதிள் வெள்ளை. முட்டைப் பருவத்தில் இந்த வேறுபாடு தெரியாது. ஊர் நினைவை நம்பி வெளிநாட்டுப் பூங்காவிற் காளான் பறிக்கவே வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

இடம் மாறினால் அறிவு பொய்க்கும் என்றேன். ஆள் நின்ற இடத்திலேயே நிற்க, இடம் மாறிப்போவதும் உண்டு. பல ஆண்டுகளின் பின் அந்தத் தோட்டத்துக்கு மறுபடியும் போனேன். பாட்டி இல்லை. ஆசிரியரும் இல்லை. பாட்டி தோண்டிக் காட்டிய விளிம்பில் காட்டை வெட்டிப் பைன் மரம் நட்டிருந்தார்கள். மலையகம் எங்கும் அவ்வாறு நடந்தது. பைன் தன் வேரோடு இணைந்து வாழும் பூஞ்சை இன்றி நன்கு வளராது. எனவே மரத்தோடு அந்நியப் பூஞ்சைகளும் வந்திருக்க வேண்டும். பைன் சருகின்மேல் சில காளான்கள் நின்றன. வேர் புற்றுக்குள் போகவில்லை. எனக்குப் பெயர் தெரியவில்லை. கூட வந்த இளைஞன், பாட்டியின் பேரன் முறையானவன், “இதெல்லாம் பேய்க்காளான் சேர், நாங்க இப்ப எதையுமே எடுக்கிறதில்ல. டவுன்ல பக்கற்ல வாங்கிறதுதான்” என்றான். ஆத்தாள் வழியாகத் திருச்சிச் சீமையிலிருந்து வந்த விதி அவன் காதுக்கு வந்து சேரவில்லை. நான் சொன்னேன். மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டான்.

அன்றைக்கு அச்சேறாத திருத்தம் ஒன்று என்னிடம் மீதமிருக்கிறது. இது என் சொந்தப் பக்கம். இடமில்லையென்று சொல்ல இங்கே எவருமில்லை.

திருத்தம்: 1974ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ‘நச்சுக் காளானை அறிவது எப்படி?’ என்ற தலைப்பில் நான் எழுதிய பெட்டிச் செய்தியிற் கூறப்பட்ட மூன்று சோதனைகளும் பிழையானவை. வெள்ளிக்காசு நஞ்சைக் காட்டாது. உள்ளியும் காட்டாது. பூச்சி அரித்தமை சான்றன்று. தவறுக்கு வருந்துகிறேன்.